ஏலகிரியில் ஒரு தாழ்வாரத்தை இரண்டு முறை கட்டிய கதை

வேலூர்க்காரர்களுக்கு வீட்டுக்கு வெளியே உட்காரும் இடம் என்றால் நிழல் என்றுதான் பொருள். சித்திரை, வைகாசியில் 40 பாகையைத் தாண்டும் வெயிலில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே ஏலகிரி அத்தனாவூர்ப் பக்கம் 12 சென்ட் சரிவு நிலத்தில் அப்பாவுக்காக ஒரு சிறிய வீடு கட்டத் திட்டமிட்டபோது, தாழ்வாரத்தையும் காட்பாடி வீட்டின் நினைவிலேயே வரைந்தோம். வடக்குப் பார்த்தபடி, 12 அடி ஆழத்தில், மேலே கான்கிரீட் தளமும் கீழே பளபளக்கும் கடப்பாக் கல்லுமாக அது அமைந்தது. வரைபடம் போட்டுக் கொடுத்த பொறியாளரும் சமவெளிக்காரர்தான் என்பதால், மறுத்துச் சொல்ல எங்களில் ஒருவர்கூட இல்லை.

மலைக் கிராமம் என்பதால் கட்டட அனுமதி பெறும் வழி வேலூரில் இருப்பதைவிட நீளமானது. அதை எழுதத் தொடங்கினால் தாழ்வாரத்துக்கு வந்து சேர முடியாது. பொன்னேரியில் தொடங்கி 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் ஒவ்வொரு லோடு ஜல்லிக்கும் வாடகை தனி என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். அந்த வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பாரி பெயரைப் பலகையில் படித்துக்கொண்டே லாரி வாடகைக்குப் பேரம் பேசிய நாட்கள் உண்டு.

2022 செப்டம்பரில் வேலை முடிந்தது. ஐப்பசி பிறந்ததும் முதல் பிழை தெரிந்தது. ஏலகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம்; வேலூர் 200 மீட்டரைச் சற்றே தாண்டும். இந்த உயர வேறுபாட்டுக்கே ஐந்தாறு பாகை வெப்பம் குறைந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் இங்கே மனிதர் தேடுவது நிழலை அல்ல, வெயிலை. எங்கள் தாழ்வாரமோ வடக்கே திறந்து, வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் சாரலை முழுவதும் வாங்கிக்கொண்டது. கடப்பாக் கல் ஒரு வாரத்துக்குள் வழுக்கத் தொடங்கியது; பத்தாம் நாள் விளிம்புகளில் பாசி படர்ந்திருந்தது. அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சமையலறைக்குப் பின்னால் காலை வெயில் விழும் துணி துவைக்கும் கல்லின் அருகே போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டரை லட்ச ரூபாய் தாழ்வாரம் காலியாகக் கிடக்க, துவைக்கும் கல்லருகே செய்தித்தாள் படித்தவரைப் பார்த்தபோதே எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

இரண்டாவது பிழை பெரியது. வீட்டின் மேற்புறம் மண்ணை வெட்டிச் சமன் செய்து, 7 அடி உயரத்தில் தாங்குசுவர் எழுப்பியிருந்தோம். டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து மலையேறிப் பார்த்தபோது, சுவரின் நடுப்பகுதி கர்ப்பிணி வயிறுபோல் நான்கு அங்குலம் முன்னே தள்ளியிருந்தது. சுவரில் நீர் வெளியேறத் துளைகள் இருந்தன. ஆனால் பூச்சு வேலையின்போது பாதித் துளைகளில் சிமெண்ட் கலவை அடைத்துக்கொண்டிருந்தது. எஞ்சியவற்றின் பின்னால் ஜல்லிப் படுகை இல்லை. வெட்டிய செம்மண்ணையே திரும்பக் கொட்டியிருந்தார்கள். நீர் ஊறிய மண்ணின் எடையும் தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளியிருக்கின்றன.

மேல் நிலத்தில் சாமை பயிரிடும் பெரியவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “சார், அந்தப் பலாமரத்துகிட்ட இருந்து தண்ணி குறுக்கால இப்படித்தான் எறங்கும். நீங்க செவுரு வெச்சி அடைச்சிட்டீங்க. அது எங்க போவும்?” என்றார். கட்டும்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “நீங்க கேக்கலையே சார்” என்றார்.

அடுத்த மழையில் குடையும் ஒரு கட்டு முளைக்குச்சிகளுமாக நிலத்தில் இறங்கினேன். பலாமரத்தடியிலிருந்து வரும் நீர் எந்த இடத்தில் பிரிகிறது, எங்கே சுழன்று நிற்கிறது என்று பார்த்து ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குச்சி அறைந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் 23 குச்சிகள். மழை விட்டபின் மேலே நின்று பார்த்தால், குச்சிகளின் வரிசை வளைந்து வளைந்து நேராக எங்கள் சுவரின் வயிற்றில் வந்து முடிந்தது. இந்த ஒன்றரை மணி நேர வேலையை நிலம் வாங்கியவுடன் செய்திருந்தால் எவ்வளவோ பணம் மிஞ்சியிருக்கும்.

2023 மாசியில் மறுபடி தொடங்கினோம். இம்முறை திருப்பத்தூரைச் சேர்ந்த ஒரு மேஸ்திரி கிடைத்தார். அவர் முதலில் செய்தது சுவரை இரண்டாகப் பிரித்ததுதான். சுவரின் உயரம் இரட்டித்தால் மண்ணின் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதால், 7 அடிச் சுவர் ஒன்றுக்குப் பதிலாக மூன்றரை அடியில் இரண்டு சுவர்களைக் காட்டுக்கல்லால் படிபோல் கட்டி, இடையே 5 அடி அகலத்தில் மண்திட்டு விட்டு, அதில் வெட்டிவேர் நட்டார். ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் ஒன்றரை அடி அகலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி நிரப்பி, மண் புகாதபடி துணி விரித்து, 4 அடிக்கு ஒரு 3 அங்குலக் குழாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தோம். பூச்சு வேலை முடிந்த மாலையில் ஒவ்வொரு குழாயிலும் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தது நான்தான். மேலே பலாமரத்தடியிலிருந்து ஒரு கல் வாய்க்கால் வெட்டி, நீரை வீட்டைச் சுற்றிப் பழைய ஓடைக்கே திருப்பிவிட்டோம்.

பிறகுதான் தாழ்வாரத்தைத் தெற்கே மாற்றினோம். மார்கழியில் இந்த அட்சரேகையில் சூரியன் நண்பகலிலும் அடிவானத்திலிருந்து சுமார் 54 பாகை உயரத்தில் தெற்கே சாய்ந்து நிற்கும். கூரை விளிம்பு 8 அடி உயரத்தில் இருந்தால் வெயில் தரையில் ஏறத்தாழ 6 அடி உள்ளே வரும். ஏப்ரல் நான்காம் வாரத்தில் அதே சூரியன் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் வரை வடக்கே நகர்ந்துவிடுவதால், கோடையின் நண்பகல் வெயில் உள்ளே நுழைவதில்லை. ஒரே கூரை குளிரில் வெயிலையும் கோடையில் நிழலையும் தருகிறது. 10 அடி ஆழம் வைத்தோம். பின்பக்கம் 4 அடி நண்பகலில் எப்போதும் நிழல்தான். வடகிழக்கு மூலையில் சாரலை மறிக்க இடுப்பளவுச் சுவரும், அதன்மேல் சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டியும் வைத்தோம். ஈசானிய மூலையை அடைக்கலாமா என்று அப்பா இரண்டு நாள் முணுமுணுத்தார். தட்டியைச் சுருட்டினால் மூலை திறந்துதானே இருக்கிறது என்று மேஸ்திரி சமாதானம் சொன்னார்.

தரைக்கு உளியால் பொளிந்த கருங்கல் பலகை. 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் விட்டோம். மேஸ்திரி மட்டம் பார்க்கும் நீர்க்குழாயான டியூப் லெவலை நம்பாமல், ஒரு சொம்பு நீரைக் கொட்டி அது எந்த வழியாக ஓடுகிறது என்று பார்த்து, ஒரு பலகையை மூன்று முறை பெயர்த்துப் போட்டார். கூரைக்கு ஓடு போட்டபோது, குரங்குகள் புரட்டாதபடி விளிம்பு வரிசைகளைக் கம்பியால் கட்டினோம். குளிர் இரவுகளுக்கு ஒரு நெருப்புக் குழியை வீட்டிலிருந்து 15 அடி தள்ளி, சுற்றிலும் சருகு சேராத பாறைமேல் அமைத்தோம்; மாசி, பங்குனியில் புல் காய்ந்துவிடும் என்பதால் அந்த இரண்டு மாதமும் அதற்குப் பூட்டு. விளக்குகள் மஞ்சள் நிறத்தில், அவையும் உட்காரும் இடத்திலிருந்து தள்ளி. முதல் மழைக்குப் புறப்படும் ஈசல் இப்போது சோற்றில் விழுவதில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது. எங்களுக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. எங்கள் பக்கமும் மழை விடவில்லை. தொலைபேசியில் அப்பாவிடம் சுவரைப் பற்றிக் கேட்டேன். எல்லாக் குழாய்களிலும் நீர் கொட்டுகிறது, கீழ்ச்சுவரில் இடமிருந்து மூன்றாவதில் மட்டும் வரவில்லை என்றார். அவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். மழை விட்டதும் கம்பியோடு போய்ப் பார்த்தேன்; உள்ளே ஒரு நண்டு வளை தோண்டி மண் தள்ளியிருந்தது.