தோணியின் மேலால் ஓடிய தூரிகை

சென்ற ஆண்டு கொழும்பில் ஒரு கடையில், அந்தி நேரத்து வாவியில் தோணியில் நின்று வலை வீசும் மீனவர் ஒருவரின் படத்தை 38,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது மட்டக்களப்பு வாவிதான் என்று கடைக்காரர் சொல்லவில்லை. நானே அப்படி நினைத்துக்கொண்டேன். மட்டக்களப்புக்குச் செல்லும் உதயதேவி ரயிலில் யாரும் இடித்துவிடாதபடி படத்தை முழங்காலோடு அணைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது, ஓர் ஓவியரின் கை பட்ட ஒரேயொரு கன்வஸ் என் வீட்டுக்கு வருகிறது என்ற பெருமிதம் எனக்கு இருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவனல்லன். புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் காணப்படும் ஓப்செட் அச்சு நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகளால் ஆனது என்பதும், அந்தப் புள்ளி வரிசைகள் வெவ்வேறு கோணங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் உருப்பெருக்கியின் கீழ் சிறுசிறு பூக்களைப் போலத் தெரியும் என்பதும் எனக்கு முன்பே தெரியும். அதற்காகவே நகைத்தொழில் செய்யும் நண்பர் ஒருவரிடம் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியை இரவல் வாங்கிச் சென்றிருந்தேன். கடையில் வைத்துப் பார்த்தபோது பூக்கள் எவையும் தெரியவில்லை. விரலால் தடவியபோது தூரிகையின் மேடுபள்ளங்கள் தட்டுப்பட்டன. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் பயிலும் என் மருமகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். படத்தை நேரே நின்று பார்க்காமல், கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டியவாறு பக்கவாட்டில் பிடித்துச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "மாமா, தோணியும் தண்ணியும் வேற வேற நிறம். ஆனா தூரிகைக் கோடு ரெண்டுக்கும் மேலால ஒரே இழுவையில போயிருக்கு. இப்பிடி ஆரும் வரைவாங்களா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தைல வண்ணத்திலோ அக்ரிலிக்கிலோ வரைபவரின் தூரிகை, பெரும்பாலும் வரையப்படும் பொருளின் வடிவத்தைத் தொடர்ந்தே செல்லும். தோணியின் விளிம்பு வளையும் இடத்தில் அதுவும் வளையும். வெளிச்சம் விழும் இடத்தில் வண்ணம் தடித்து நிற்கும். ஒரு நிறம் முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றின் மேல் சிறிது ஏறியிருக்கும். என் படத்திலோ நிறம் ஒரு வழியிலும் மேடுபள்ளம் வேறொரு வழியிலும் சென்றன. அச்சடித்த கன்வஸின் மேல் நிறமற்ற பசைப்பூச்சு ஒன்றை அகன்ற தூரிகையால் இழுத்து உலரவிட்டிருந்தார்கள். என் விரலில் தட்டுப்பட்டது அந்தப் பூச்சுத்தான்.

பூக்களைக் காணாததற்கான காரணமும் எளியது. என் படம் ஓப்செட் அன்று, இங்க்ஜெட். அந்த இயந்திரம் மையை மிக நுண்ணிய துளிகளாக, ஒழுங்கான வரிசையின்றித் தெளிக்கிறது. ஆகவே கண்ணாடியின் கீழ் பூக்கோலம் தெரியாது; வெளிர்ந்த இடங்களில் மட்டும் பல நிறப் பொடி தூவியதுபோல் தெரியும். வானத்தின் மங்கிய பகுதியைப் பார்த்திருந்தால் அகப்பட்டிருக்கும். நான் தோணியின் கறுப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலைக்கூடங்கள் இவ்வகை அச்சை 'ஜிக்ளே' என்று அழைக்கின்றன. தெளித்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 1991 இல் ஜாக் டுகேன் என்ற அமெரிக்க அச்சாளர் உருவாக்கிய பெயர் அது. இங்க்ஜெட் என்று சொன்னால் அலுவலக அச்சுப்பொறியின் நினைப்பு வந்துவிடும் என்பதே அவருடைய கவலை. பெயர் நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தோம். பின்புறத் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரிடத்திலாவது வண்ணம் ஊறவுமில்லை, கைபட்ட கறையுமில்லை. கட்டையைச் சுற்றி மடித்த ஓரத்தில், தோணியின் முனை முகம்பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைமாறித் திரும்ப வந்திருந்தது. படத்தின் எந்தப் பகுதியும் மடிப்புக்குள் போய்விடாதிருக்க, கணினியில் ஓரத்தை இப்படிப் பிரதிபலித்து நீட்டுவது கன்வஸ் அச்சுக்கூடங்களின் வழக்கம். மனிதர் எவரும் ஓரத்தை அப்படி வரைய மினக்கெடமாட்டார். கையொப்பமும் பசைப்பூச்சுக்கு அடியில், அதே மைத்துளிகளால் ஆனதாக இருந்தது.

என்னை அதிகம் உறுத்தியது பற்றுச்சீட்டுத்தான். அதில் 'கையால் மெருகூட்டப்பட்ட கன்வஸ்' என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை! மெருகைக் கையால்தான் ஊட்டியிருந்தார்கள். 'வரையப்பட்ட' என்ற சொல் அங்கே இல்லை என்பதைக் கவனிக்காதது என் பிழை.

அச்சின் மேல் பூச்சிடும் இந்த உத்தி புதியதுமன்று. ஆரையம்பதியில் அம்மம்மா வீட்டுச் சாமியறையில் இருந்த சரஸ்வதி படம், ராஜா ரவிவர்மா 1894 இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தில் வெளியானது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வீதம், கல்லைச் செதுக்காமல் அதன் மேல் தீட்டி அச்சடித்த கல்லச்சுப் படங்கள் அவை. தைல ஓவியம் போலத் தோன்றுவதற்காக இத்தகைய படங்களின் மேல் பளபளப்புப் பூச்சிட்டு, சிலவற்றில் துணியின் நெசவையும் அழுத்திப் பதிப்பார்கள். அதனாலேயே, தைலத்தைக் குறிக்கும் 'ஒலியோ' சேர்ந்த ஒலியோகிராப் என்ற பெயர் வந்தது. அவற்றை உருப்பெருக்கியில் பார்த்தால், தொழிலாளி கல்லில் கையால் இட்ட ஒழுங்கற்ற புள்ளிகள் தெரியும். ஆனால் அம்மம்மா அதை அச்சென்று அறிந்தே, அச்சுக்குரிய விலை கொடுத்தே வாங்கினார். அச்சுப்படம் வீட்டில் தொங்குவதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஓவியத்தின் விலையை அச்சுக்குக் கொடுத்ததே என் மனக்குறை.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மரச்செதுக்கு, லினோச் செதுக்கு, செப்புத்தகட்டு அச்சு ஆகியவையும் அச்சுகளே. ஆயினும் அவை வேறெந்த ஓவியத்தின் நகலும் அல்ல. கலைஞர் தாமே கட்டையையோ தகட்டையோ செதுக்கி அதிலிருந்து எடுக்கும் தாள்கள்தாம் அங்கு மூலப் படைப்பு. தாளின் கீழோரத்தில் பென்சிலால் 7/30 என்று எழுதியிருந்தால், முப்பது பிரதிகளில் அது ஏழாவது என்று பொருள். தகட்டு அச்சில், தகடு தாளை அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றிலும் தெரியும். இங்க்ஜெட் படத்திலும் இதே போன்ற எண்ணை எழுதி விற்கிறார்கள். அங்கே அது, இத்தனைக்கு மேல் அச்சடிக்கமாட்டோம் என்ற வாக்குறுதி மட்டுமே.

பணத்தாள் பரிசோதிக்கும் ஊதா விளக்கைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். வெண்மையூட்டிய இக்காலத் தாள் அதன் கீழ் நீலமாய் ஒளிரும் என்பதால், நூறு ஆண்டுப் பழமை பேசப்படும் தாள் ஒளிர்ந்தால் சந்தேகிக்கலாம். நேற்று வரைந்த ஓவியத்தை அதைக் கொண்டு சோதிப்பதில் பயனில்லை. இலங்கையின் நவீன ஓவியர்கள் சேர்ந்த '43 குழுவின் ஜோர்ஜ் கீற் போன்றவர்களின் படமென்று எவராவது தந்தால், நூல்களில் பதிவான மூலத்தின் அளவை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். நகல்கள் பெரும்பாலும் வேறு அளவில் இருக்கும்.

இவ்வாண்டு மருமகளின் வகுப்புத் தோழர் ஒருவரிடம் சிறிய நீர்வண்ணப் படம் ஒன்றை வாங்கினேன். தாள் ஈரத்தில் சற்று நெளிந்திருக்கிறது. நீலப்பொடி தாளின் குழிகளில் தேங்கிக் கறைபோல் நிற்கிறது. வலதுபுறம் தண்ணீருக்கு அடியில் ஒரு மெல்லிய பென்சில் கோடு தெரிகிறது. தோணியை முதலில் அங்கேதான் வைத்ததாகவும், பின்னர் பாலத்துக்கு மிக அருகில் வந்துவிட்டதாகத் தோன்றியதால் இடப்புறம் நகர்த்தியதாகவும், அதை அழிக்க மறந்துவிட்டதாகவும் அந்தத் தம்பி கூச்சத்தோடு சொன்னார். அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அப்படியே வாங்கிவந்தேன்.