ஊசிமுனைப் புள்ளி

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் எட்டு டிரே நெல் நாற்றை ஆட்டோகிளேவில், அதாவது ஆய்வகத்துப் பெரிய பிரஷர் குக்கரில், போட்டு அவித்தேன். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம். நோய் ஏற்றிய செடியை அப்படியே குப்பையில் கொட்டக் கூடாது, அவித்துத்தான் வெளியே விட வேண்டும் என்பது ஆய்வக விதி. விதிப்படிதான் செய்தேன். என்ன, அவித்தது தப்பான டிரேக்களை.

தரமணிப் பக்கம் இருந்த சின்ன ஆய்வகம் அது. நெல் ரகங்களுக்கு நாங்களே குலை நோய் என்ற பூஞ்சை நோயை வரவைத்து, எது தாங்குகிறது, எது சாய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஓட்ஸ் அகாரில் பூஞ்சையை வளர்த்து, அதன் விதை மாதிரியான ஸ்போர்களைத் தண்ணீரில் சுரண்டி எடுத்து, ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் என்ற கணக்கில் எண்ணி, மூன்று வார நாற்றின் மேல் தெளிப்போம். பிறகு ஒரு நாள் முழுக்க மிஸ்ட் சேம்பருக்குள் இருட்டில் வைக்க வேண்டும். இலை காய்ந்துவிட்டால் எல்லாம் போச்சு. வெளியே ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே செடிகள் மார்கழிப் பனியில் நனைந்துகொண்டு நிற்கும். கரண்ட் போனால் செடிக்கு முன்னால் எங்கள் முகம் வாடும்.

ஏழாம் நாள் இலைகளைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் ஓரத்தில் கோ-39 ஒரு டிரே இருக்கும். கோயம்புத்தூரில் உருவாக்கிய ரகம். குலை நோயிடம் சுலபமாகத் தோற்கும் என்பதற்காகவே வெளிநாட்டு ஆய்வகங்களிலும் ஒப்பீட்டுக்கு இதை வளர்க்கிறார்கள். அன்றும் அது ஏமாற்றவில்லை: இலை முழுக்கக் கண் வடிவப் புள்ளிகள், நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. எட்டு டிரேக்களில் ஊசியால் குத்தினாற்போலப் பழுப்புப் பொட்டுகள், ஒரு இலையில் நூற்றுக்கணக்கில். மூன்று டிரேக்கள் பளிச்சென்று, ஒரு பொட்டுகூட இல்லாமல் இருந்தன.

நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பளிச்சென்று இருந்ததை 'எதிர்ப்புத் திறன் உண்டு' என்று எழுதி வைத்துக்கொண்டு, பொட்டு விழுந்ததை ஆட்டோகிளேவுக்கு அனுப்பினேன்.

அங்கே உதவியாளராக ஒரு அண்ணன் இருந்தார். மதுராந்தகம் பக்கத்து ஊர், குத்தகைக்கு நிலம் வைத்திருந்தார். வேலை முடிந்து ஆட்டோகிளேவைக் கழுவும்போதுதான் பார்த்தார். "ஏம்மா, நல்லதை ஏன் அவிச்சீங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. "புள்ளி இருந்துச்சு அண்ணே." "அது நோய்ப் புள்ளி இல்லம்மா. செடி தானே சூடு போட்டுக்கிட்ட எடம்."

அப்புறம் மிஸ்ட் சேம்பரின் மூலைக்குக் கூட்டிப்போய் பிளாஸ்டிக் தாளில் இருந்த கிழிசலைக் காட்டினார். அதன் வழியாக ஏசி காற்று நேராக அந்த மூன்று டிரேக்கள் மேல் அடித்திருக்கிறது. இலை காய்ந்ததால் பூஞ்சைக்கு உள்ளே போக நேரமே கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அதே ரகங்களின் புது நாற்றில் ஒழுங்காகத் தெளித்துப் பார்த்தோம். மூன்றுமே கோ-39க்குத் தங்கச்சிகள். அவித்த எட்டு ரகங்களுக்கு விதை மிச்சம் இருந்ததால் என் வேலையும் மிச்சமானது.

அந்தப் பொட்டுக்குள் என்ன நடந்தது என்று பார்க்கத்தான் நான் மைக்ராஸ்கோப்பில் உட்கார ஆரம்பித்தேன். ஆல்கஹாலில் பச்சையம் போகும்வரை இலைத்துண்டை ஊறவைத்து, டிரிப்பான் நீலம் என்ற சாயத்தை ஏற்றினால், ஒரு முற்றுகையை நேரம் நேரமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஸ்போர் என்பது பேரிக்காய் வடிவத்தில் மூன்று அறை. இலையில் விழுந்ததும் நுனியில் பசை விட்டு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் ஒரு குழல் முளைக்கும். குழலின் முனை உப்பி, கறுத்த கும்மட்டம்போல ஆகும்; அதன் பெயர் அப்ரசோரியம். ஸ்போர் தன்னிடம் இருந்ததையெல்லாம் அதற்குள் கொட்டிவிட்டுச் சுருங்கிச் செத்துப்போகும். கும்மட்டத்துக்குள் கிளிசரால் சேரும், அது வெளியிலிருந்து தண்ணீரை இழுக்கும், மெலனின் என்ற கறுப்பு நிறப்பொருள் பூசிய சுவர் கிளிசராலை வெளியே விடாது. உள்ளே ஏறும் அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை போகும் என்று 1991இல் அளந்திருக்கிறார்கள். கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய 40 மடங்கு. அந்த அழுத்தத்தில் ஒரு முள் இலையின் மெழுகையும் தோலையும் துளைத்து இறங்கும். கண்ணுக்கே தெரியாத ஒன்று இத்தனை மெனக்கெடுவதைப் பார்க்கும்போது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் மரியாதைதான் வந்தது.

குலை நோய்க்கு டிரைசைக்ளசோல் என்ற மருந்தைத் தெளிக்கிறார்களே, அது பூஞ்சையைக் கொல்வதில்லை. மெலனின் செய்ய விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். கும்மட்டம் ஓட்டை டியூப் ஆகிவிடும். அதனால்தான் முள் உள்ளே இறங்கிய பிறகு தெளித்தால் அந்தப் புள்ளிக்குப் பிரயோசனம் இல்லை. இதை மருந்துக் கடைக்காரர் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, செடி என்ன செய்கிறது? நம் ரத்தத்தில் ஓடுகிற மாதிரி அதற்குக் காவல்காரச் செல்கள் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தனக்குத் தானே காவல். முதல் தடை மெழுகும் சுவரும். நெல்லுக்குக் கூடுதலாக மணலில் இருக்கும் சிலிக்கா. அதைத் தாண்டினால் மோப்பம். பூஞ்சையின் சுவரில் கைட்டின் இருக்கிறது, இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். செடியிடம் கைட்டின் கிடையாது என்பதால் அந்தத் துணுக்கு பட்டதுமே அந்நியன் என்று தெரிந்துவிடும். இறால் ஓட்டுக் கைட்டின் துணுக்குகளை மட்டும் தெளித்தாலே நெல் கலவரமாவதை நாங்களே பார்த்தோம். முள் இறங்கும் இடத்தில் உள்பக்கமாகக் காலோஸ் என்ற சர்க்கரைப் பொருளை அப்பும், பூஞ்சைச் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும், மொமிலாக்டோன் மாதிரி விஷங்களைத் தயார் செய்யும். ஆனால் குலை நோய்ப் பூஞ்சை லேசுப்பட்டது இல்லை. தன் கைட்டினை வேறொரு சர்க்கரையால் மூடி முக்காடு போட்டுக்கொள்ளும்; உதிர்கிற துணுக்குகளையும் செடிக்கு முன்னால் தானே பொறுக்கிவிடும்.

கடைசி ஆயுதம்தான் அந்தப் பொட்டு. பூஞ்சை செல்லுக்குள் அனுப்பும் புரதம் ஒன்றைச் செடியின் எதிர்ப்பு ஜீன் அடையாளம் கண்டுவிட்டால், அந்தச் செல் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டித் தன்னைத் தானே கொன்றுகொள்கிறது. குலை நோய்ப் பூஞ்சைக்கு ஆரம்பத்தில் உயிருள்ள செல்தான் சோறு. சுற்றிச் செத்துப்போனால் அதுவும் பட்டினியில் முடியும். ஸ்லைடில் பார்த்தால் சுற்றிலும் தெளிந்த செல்கள், நடுவே ஒன்றோ இரண்டோ செல் மட்டும் வறுத்த கடுகுபோலப் பழுப்பேறிக் கிடக்கும், அதன் மேல் ஒரு கறுப்புக் கும்மட்டம். நான் மணிக்கணக்கில் பார்த்த காட்சி இதுதான். அந்த எட்டு டிரேக்களில் நான் அவித்ததும் இதைத்தான்.

இந்தத் தந்திரம் எல்லாப் பூஞ்சையிடமும் பலிக்காது. செத்த திசுவையே தின்று வாழும் அழுகல் பூஞ்சைகளுக்குச் செடி இப்படித் தற்கொலை செய்துகொண்டால் கல்யாணச் சாப்பாடு. அவற்றிடம் செடி வேறு வழியில், பெரும்பாலும் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோனின் வழியாகச் சண்டை போடும். எந்த எதிரி என்று தெரியாமல் ஆயுதம் எடுத்தால் தோல்விதான். ஜெயித்த ஜீனும் நிரந்தரமில்லை. பூஞ்சை அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டால் போதும், சில வருடங்களிலேயே புது ரகம் பழைய கோ-39 ஆகிவிடும்.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி.எஸ். சதாசிவனும் அவருடைய மாணவர்களும் பருத்தி வாடல் நோயை வருடக்கணக்காக ஆராய்ந்தவர்கள். பூஞ்சை விடும் ஃபுசேரிக் அமிலத்தை வாடிய செடிக்குள்ளேயே கண்டுகாட்டியவர்கள். அந்தக் கட்டுரைகளை நூலகத்தில் தூசி தட்டிப் படித்தபோது, பஸ் தூரத்தில் இருந்த விஷயத்தை எவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொண்டேன் என்று வெட்கமாக இருந்தது.

இப்போது அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் செடி டாக்டர். வெள்ளையாக எது தெரிந்தாலும் 'பங்கஸா?' என்று போட்டோ வரும். செம்பருத்தி என்றால் பாதிக்கு மேல் மாவுப்பூச்சி. ரோஜா இலைக் கரும்புள்ளிக்கு, சாயங்காலம் இலை மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்பேன். யாரும் கேட்பதில்லை.

அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். ஒவ்வொரு சம்பாவிலும், பனி இறங்கும் நாட்களில், நெல் இலைப் போட்டோ ஒன்று அனுப்புவார். தலைப்பும் கிடையாது, கேள்வியும் கிடையாது. போன மார்கழியில் வந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிறைய ஊசிமுனைப் பொட்டுகள். ஆனால் நுனிக்குக் கொஞ்சம் கீழே ஒன்றின் நடுவில் சாம்பல் தட்டியிருந்தது. இலையும் வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக, மெத்தென்று தெரிந்தது. உடனே போன் போட்டேன்.

"அண்ணே, அந்த ஒண்ணு..."

"பாத்தேம்மா, அதான் அனுப்புனேன். நான் ஊர்ல இல்லாதப்போ பையன் யூரியாவை அளவுக்கு மேல போட்டுட்டான்."