பெரியப்பா காடியில் ஜாம் வரவில்லை

வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலை முடிய இன்னும் நேரம் கிடக்கும்போதே பெரியப்பா போன் அடித்துவிட்டார். "தம்பி, காடியில ஜாம் வர மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரு." அவருக்குக் கார் எப்போதும் காடிதான்.

ஊர் உலகமெல்லாம் ரோட்டில் ஜாம் வந்துவிட்டது என்று அழுகிறது, மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோரில் ஒரு மனுஷர் ஜாம் வரவில்லை என்று அழுகிறார். இத்தனைக்கும் இவர் அந்தப் பழைய புரோட்டோன் சாகா காரை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார்? கோவில், மார்க்கெட், முட்டி வலிக்குக் கிளினிக். எல்லாமே நடந்தே போகிற தூரம், முட்டி ஒத்துழைத்தால். இந்த ஊரில் ஜாம் என்றால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி மில்லுக்குத் திரும்பும்போது பின்னால் நிற்கிற நாலு கார், இல்லையென்றால் லீவு நாளில் கொய்யாக் கடை முன்னால் வெளியூர்க்காரர்கள் கண்ட இடத்தில் நிறுத்தி வைப்பது. இதைத் தெரிந்துகொள்ள வானத்தில் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே சுற்றுகிற சாட்டிலைட் வேண்டுமா? வாசல் கேட்டில் நின்று எட்டிப் பார்த்தால் போதாதா?

கேட்கவில்லை. பெரியப்பாவிடம் அப்படியெல்லாம் கேட்க முடியாது. எஸ்டேட் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்து ரிடையர் ஆனவர், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு லேட்டாக வந்தவனை அவர் பார்த்த பார்வை இன்னும் அப்படியே இருக்கிறது, அதை இப்போது என்மேல்தான் உபயோகிக்கிறார்.

ஜாம் காட்டுகிற அந்த ஜிபிஎஸ் பெட்டி பெரியப்பா மகள் கவிதா கொடுத்தது. அவள் புதுக் கார் எடுத்ததும், பழைய காரில் ஒட்டி வைத்திருந்த வழிகாட்டியை அப்பாவிடம் தள்ளிவிட்டாள். அதில் பேசுகிற வெள்ளைக்கார அம்மா, ரோட்டுக்கு மலாய் வார்த்தையான 'ஜாலான்' என்பதை 'ஜேலன்' என்பாள், பெரியப்பா ஒவ்வொரு தடவையும் "ஜாலான், ஜாலான்" என்று திருத்துவார், அவளும் ஒவ்வொரு தடவையும் மறுபடி 'ஜேலன்'. மேப் ஓடுகிறது, குரல் வருகிறது, மூலையில் இருக்க வேண்டிய அந்தச் சின்னப் பச்சைக் கார் படம் மட்டும் இல்லை. அதுதான் புகார்.

போய்ப் பார்த்தேன். முதல் பார்வையிலேயே வயர் வேறு. சிகரெட் லைட்டர் ஓட்டையில் பசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தையில் பத்து வெள்ளிக்கு, அதாவது பத்து ரிங்கிட்டுக்கு, வாங்கின வயர் குத்தியிருந்தது. பழைய வயர் எங்கே என்றேன். எலி கடித்துவிட்டதாம்.

இந்த எலி விஷயத்தை நான் கேட்டிருக்கக் கூடாது. தோட்டத்தில் செம்பனைப் பழத்தை எலி தின்னும், அதற்கு மருந்து வைப்பதைவிட ஆந்தை வளர்ப்பது மேல் என்று கம்பத்தின்மேல் மரக்கூடு அடித்து நிறுத்தினார்கள் இல்லையா, அந்தக் கூட்டுக் கணக்கு பூராவும் பெரியப்பா கையெழுத்தில்தான் இருந்தது. எந்தக் கூட்டில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று இப்போதும் மனப்பாடமாகச் சொல்வார். ஒரு ஜோடி ஆந்தையும் குஞ்சுகளும் சேர்ந்து வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்பது அவர் கணக்கு. அப்பேர்ப்பட்ட மனுஷர் காடிக்குள்ளேயே எலி புகுந்து வயரைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. அதைப் பழிவாங்கல் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார். "டவுனுக்கு வந்தா ஆந்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று அரை மணி நேரம்.

பழைய வயரை மைலோ டின்னுக்குள் வைத்திருந்தார். கிராணி எதையும் தூக்கிப் போட மாட்டார். நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி, அதிலிருந்து நாலு விரற்கடை தள்ளி எலியின் பல்தடம், செம்புக் கம்பி பளபளவென்று வெளியே தெரிந்தது. அந்தக் கட்டிதான் விஷயமே. இந்த மாடலில் ஜாம் செய்தியைப் பிடிக்கிற எஃப்எம் ரிசீவர் பெட்டிக்குள் இல்லை, வயரில் இருக்கிறது. சாட்டிலைட் நாம் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கத்தான் உதவும், ரோட்டில் என்ன நடக்கிறது என்று அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. ரேடியோவில் பாட்டு ஓடும்போதே அதற்கடியில் 57 கிலோஹெர்ட்ஸில், நம் காதுக்கு எட்டாத இடத்தில், வினாடிக்கு 1,187.5 பிட் வேகத்தில் எண்கள் ஓடும். என்ன நடந்தது என்பதற்கு ஒரு எண், எங்கே என்பதற்கு ஒரு எண், எந்தத் திசை என்பதற்கு ஒரு குறி. 'விபத்து', 'ரோடு வேலை' என்ற வார்த்தைகள் காற்றில் வருவதே இல்லை, அந்த அட்டவணை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

"செக்ரோல் மாதிரி. ஆளுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான்" என்றார் பெரியப்பா. செக்ரோல் என்றால் தோட்டத்து ஆள் பதிவேடு. சட்டென்று புரிந்துகொண்டதில் எனக்கே ஆச்சரியம். அந்தச் சந்தோஷத்தில் நான், ஓர் அட்டவணையில் இடத்துக்கான எண்கள் 65,536-க்கு மேல் போக முடியாது, அதிலும் பெரிய ரோடுகளுக்குத்தான் நம்பர் என்று சொல்லித் தொலைத்தேன். "அப்ப நம்ம மூணாம் டிவிசன் ரோட்டுக்கு நம்பர் இல்லையா?" இல்லை பெரியப்பா. முகம் சுண்டிப் போய்விட்டது.

கடித்த இடத்தை வெட்டி, ஒட்டி, டேப் சுற்றினேன். வயரைப் பெரியப்பா ரப்பர் பேண்டு போட்டு அழகாகச் சுருட்டி வைத்திருந்தார், ஏரியல் அதற்குள்தான் ஓடுகிறது, சுருட்டினால் பிடிக்காது, நீட்டிவிட வேண்டும் என்று கண்ணாடி ஓரமாக இழுத்து விட்டேன். அலங்கோலமாக இருக்கிறது என்று முணுமுணுத்தார். அப்புறம் டேஷ்கேம். அதன் மலிவான சார்ஜரைக் குத்தினால் ரேடியோவில் மின்னல் எஃப்எம் கரகரக்கும், பிடுங்கினால் சுத்தமாகப் பாடும். பெட்டிக்கும் அதே எஃப்எம்தான், அதே கரகரப்புதான். பிடுங்கிப் போட்டேன். கண்ணாடி டிண்டட் வேறு, உலோகம் கலந்த பேப்பராக இருந்தால் அதுவும் சிக்னலைத் தின்னும். முன் கண்ணாடியில் 70 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, கணக்கு, பெரியப்பா காடியில் உச்சி வெயிலிலும் பொழுது சாய்ந்த மாதிரிதான் இருக்கும். அதை உரிக்கலாமா என்றேன். பெரியம்மா அடுப்படியிலிருந்தே "நூத்தி எண்பது வெள்ளி!" என்று சத்தம் போட்டார். விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் அப்புறம் கார் படம் வந்தது. சாம்பல் நிறத்தில். 'தேடுகிறது' என்கிறது, தேடுகிறது, தேடுகிறது. கிழக்கே மலை, சுற்றிலும் செம்பனை, எஃப்எம் அலை நேர்க்கோட்டில் வருகிற சாதி. அந்த எண்களை அனுப்புகிற நிலையம் எதுவும் அந்த போர்ச்சுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்தது போன் வழி. புளூடூத்தில் இணைத்தால் போனின் இண்டர்நெட்டிலிருந்தே ஜாம் செய்தியை எடுத்துக்கொள்ளும். பெரியப்பா போனில் டேட்டா முடிந்து கிடந்தது, டாப் அப் நான்தான் போட்டேன், இதுவரை யாரும் திருப்பித் தரவில்லை. அப்புறம் லொகேஷன் அனுமதி, அப்புறம் பேட்டரியை மிச்சம் பண்ணுகிறேன் என்று ஆப்பைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற செட்டிங். எல்லாவற்றையும் சரி செய்து நிமிர்ந்தேன். பச்சை.

"வந்துருச்சு!" பேரப்பிள்ளை பிறந்த அன்றுகூட இந்தக் குரல் வரவில்லை.

சரி, இப்போது எங்கே போகப் போகிறீர்கள் என்று வழிகளைத் திறந்தேன். சேமித்து வைத்த இடம் ஒன்றே ஒன்று. கோலாலம்பூர் செந்தூல், கவிதாவின் கொண்டோ. இவர் எந்தக் காலத்தில் செந்தூலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்?

"போகல. சும்மா பார்ப்பேன்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அவள் கிளம்பி வருவாள் இல்லையா, முன்னாடி ஒரு தடவை "எங்க வந்துட்டே, எங்க வந்துட்டே" என்று போன் அடித்துக்கொண்டே இருந்ததற்கு "நான் என்ன சின்னப் பிள்ளையா, எனக்காக முழிச்சிட்டு உக்காராதீங்கப்பா" என்று கத்திவிட்டாள். அதிலிருந்து போன் அடிப்பதில்லை. போர்ச்சில் காடிக்குள் உட்கார்ந்து, சாவியைப் பாதி திருப்பி, ஹைவேயைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் போனிலேயே பார்க்கலாமே என்றால், வீட்டுக்குள் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பெரியம்மா கண்டுபிடித்துவிடுவாராம்.

நான் திரையைப் பார்த்தேன். ரவாங் சுத்தம், தஞ்சோங் மாலிம் சுத்தம், சிலிம் ரிவர் சுத்தம். "எல்லாம் கிளியர், எட்டரைக்குள்ள வந்துருவா" என்றார் பெரியப்பா. ஆனால் அது இங்கிருந்து செந்தூலுக்குப் போகிற வழி. தெற்கே போகிற பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேஎல்லுக்கு எவன் போகிறான்? அந்தப் பக்கம் எப்போதும் சுத்தம்தான். அவள் வருவது எதிர்ப்பக்கம். திசைக்கென்று தனிக்குறி இருக்கிறது என்று கொஞ்ச நேரம் முன்னால்தான் இவருக்கே விளக்கினேன்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் போன் அடித்தது. கவிதா. "அண்ணே, தஞ்சோங் மாலிம்கிட்ட மாட்டிக்கிட்டேன், நகரவே மாட்டேங்குது. அப்பாகிட்ட சொல்லாதீங்க, போர்ச்சுல உக்காந்துக்கிட்டே இருப்பாரு."

"யாரு?" என்றார் பெரியப்பா. ஆபீஸ் என்றேன். "பச்சையாத்தான் இருக்கு" என்று மறுபடி திரையைத் தட்டிக் காட்டினார்.

அவள் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மறுநாள் காலை சாகா ஸ்டார்ட் ஆகவில்லை, ராத்திரி முழுக்கப் பெட்டியும் ரேடியோவும் ஓடினால் அந்தப் பழைய பேட்டரி என்ன செய்யும்? என்னைத்தான் கூப்பிட்டார்கள், ஜம்பர் வயரோடு போனேன். கவிதா காப்பிக் குவளையோடு வாசலில் நின்று, "காடி எங்கயும் போகல, பேட்டரி எப்படிப்பா செத்துச்சு?" என்றாள். பெரியப்பா பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ ரொம்ப மும்முரமாகத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான் நேத்து உள்ள உக்காந்து பாட்டு கேட்டேன்" என்றேன். இப்போது பேட்டரிக் காசும் நான் தர வேண்டும் என்கிறார் பெரியம்மா.