ஆகஸ்ட் மாதத்துச் சண்டைகள்

லண்டன் கால்பந்து கிளப் ஆர்செனலின் ரசிகர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று வகை ஆட்கள் உண்டு. பழைய மேனேஜர் வெங்கர் காலத்திலிருந்து பார்த்து வரும் அண்ணன் ஒருவர். எதைச் சொன்னாலும் எண்ணைக் காட்டு என்று கேட்கும் தம்பி ஒருவன். ஒவ்வொரு தோல்விக்கும் மேனேஜரை வீட்டுக்கு அனுப்பிவிடும் மச்சான் ஒருவன். எல்லோருக்கும் நான் அக்கா, மச்சானுக்கு மட்டும் “ஏய்”. ஜனவரியில் தோற்றால் இவர்கள் ஒரு மணி நேரம் புலம்பிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். சீசன் தொடக்கத்தில் தோற்றால் கதையே வேறு. விடிய விடிய நடக்கும்.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். முதல் ஆட்டத்துக்குப் பிறகு நடக்கும் சண்டை பாதிக்கு மேல் அந்த ஆட்டத்தைப் பற்றியதே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மே மாதத்தில் பாதியில் விட்ட வாக்குவாதத்தை எல்லோரும் மூன்று மாதம் மடியில் கட்டி வைத்திருக்கிறார்கள். முதல் தோல்வி வந்ததும் அவிழ்க்கிறார்கள், அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு எங்களிடம் அழியாத ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை, பிரென்ட்ஃபோர்டு. 74 வருடம் கழித்து இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்குத் திரும்பியிருந்த அணி அது. சீசனையே நாங்கள்தான் தொடங்கி வைத்தோம். 2-0 தோல்வி.

அன்று எங்கள் ஸ்ட்ரைக்கர்கள் ஒபமெயாங், லக்காசெட் இருவருமே உடல்நலம் சரியில்லாததால் ஆடவில்லை. பார்ட்டேவுக்கும் கப்ரியேலுக்கும் காயம். முன்னால் பாலோகன், லீகில் முதல்முறையாகத் தொடக்க வரிசையில். பின்னால் புதிதாக வாங்கிய பென் வைட்டோடு பாப்லோ மாரி. முதல் கோல் இடது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்த செர்ஜி கனோஸ் அடித்தது. இரண்டாவதைத்தான் என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை. 73-வது நிமிடம், ஒரு லாங் த்ரோ. பந்து எங்கள் கோலுக்கு முன்னால், அதுவும் சின்னப் பெட்டிக்குள், தரையில் குத்தி எழும்பியது! நோர்கோர் தலையால் தட்டிவிட்டுப் போனார். கோல்கீப்பர் லெனோவை ஒருவர் மறித்துக்கொண்டிருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து கையால் எறிந்த பந்து தரையில் விழும்வரை நான்கு பேர் பார்த்துக்கொண்டு நின்றால் நடுவரைக் குறை சொல்லி என்ன பயன்?

(அந்த இரவில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. யூரோ கோப்பை இறுதியில் பெனால்டி தவறவிட்டு ஒரு மாதமாக வசை வாங்கிக்கொண்டிருந்த எங்கள் சாகா மாற்று ஆட்டக்காரராக இறங்கியபோது, பிரென்ட்ஃபோர்டு ரசிகர்களும் எழுந்து கைதட்டினார்கள்.)

இறுதி விசில் ஊதியதும் குழு பற்றிக்கொண்டது. மச்சான்: “மேனேஜர் ஆர்டேட்டா போகணும். இன்னைக்கே.” அண்ணன்: “ஒரு மேட்ச்தானேடா.” தம்பி: “பந்து நம்மகிட்டதான் அதிகம் இருந்தது, ஷாட்டும் நாமதான் அதிகம். பாருங்க.” மச்சான்: “கோல் எங்கடா?”

இந்த நான்கு வரியில் எதிலாவது பிரென்ட்ஃபோர்டு இருக்கிறதா பாருங்கள். மச்சானின் கோபம் முந்தைய இரண்டு சீசனும் எட்டாவது இடத்தில் முடித்ததன் மேல். 25 வருடத்தில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டி எதுவுமே இல்லாத சீசனுக்குள் நுழைகிறோம், அதன் மேல். அண்ணனின் பொறுமையோ 2020-இல் ஆர்டேட்டா வாங்கிக் கொடுத்த எஃப்ஏ கோப்பையிலிருந்து வருகிறது. அந்த 90 நிமிடத்தைப் பார்க்காமலேகூட இருவரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

தம்பியாவது ஆட்டத்தைப் பார்த்துப் பேசினான் என்று சொல்லலாம். ஆனால் அவன் எடுத்த எண் தப்பான எண். முதல் பாதியிலேயே கோல் வாங்கிவிட்டால், முன்னால் இருக்கும் அணி பந்தை விட்டுக் கொடுத்துவிட்டுத் தன் பெட்டியைக் காக்கப் பின்னால் போய்விடும். பந்து நம் காலில்தான் சுற்றும். முன்னேற வழி இல்லாதபோது தூரத்திலிருந்து அடித்துப் பார்ப்போம். ஷாட் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். அது ஆதிக்கம் இல்லை, எதிரணி போட்டுக் கொடுத்த வேலை. எக்ஸ்ஜி என்கிற கணக்கு வந்தது இதற்குத்தான். ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எப்படி அடிக்கப்பட்டது என்று பார்த்து, கோலாகும் வாய்ப்புக்கு பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றுக்குள் ஒரு மதிப்பு. பெனால்டிக்கே முக்கால் கோலுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும் என்றால், முப்பது கஜத்திலிருந்து கூட்டத்துக்குள் அடிக்கும் ஷாட்டுக்கு என்ன கிடைக்கும்? அதில் பத்து சேர்த்தாலும் ஒரு நல்ல வாய்ப்பு ஆகாது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே தம்பிதான், அதுதான் வேடிக்கை. தோற்ற இரவில் அவனும் ரசிகன்தானே.

ஒரு தோல்வியில் நான் தேடுவது ஒன்றைத்தான்: இதில் எது திரும்ப நடக்கும், எது நடக்காது? இரண்டு ஸ்ட்ரைக்கரும் ஒரே நாளில் படுத்துக்கொள்வது ஒவ்வொரு வாரமும் நடக்காது. லாங் த்ரோவுக்கு ஆள் பிடிக்கத் தெரியாதது திரும்ப நடக்கும். நாம் சரிசெய்யும்வரை, அதைப் பார்த்த அடுத்த அணியும் எறியும். அன்றைய கொடுமை என்னவென்றால், செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ-இன் போன்றவை) பயிற்சிக்கென்று அந்தக் கோடையில்தான் நிக்கோலா ஜோவரைக் கொண்டு வந்திருந்தோம். அவர் முன்பு வேலை பார்த்த இடங்களில் ஒன்று பிரென்ட்ஃபோர்டு! பிற்காலத்தில் கார்னர் என்றாலே எதிரணி நடுங்குகிற அளவுக்கு எங்களை மாற்றியவர் அவர். முதல் ஆட்டத்தில் த்ரோ-இன்னில் கோல் வாங்கியதற்காக அன்று அவரையும் சேர்த்துத் திட்டினார்கள், பெயர் தெரியாமலே.

அப்புறம் நடந்தது தெரியும். செல்சியிடம் சொந்த மைதானத்தில் 2-0. மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0, ஷாக்காவுக்கு சிவப்பு அட்டை வேறு. மூன்று ஆட்டம், வாங்கியது ஒன்பது, போட்டது ஒன்றுமில்லை, இருபதாவது, அதாவது கடைசி இடம். அந்த நேரத்தில் வடக்கு லண்டனில் எங்கள் பரம எதிரியான டாட்டன்ஹாம் மூன்று ஆட்டத்தையும் 1-0, 1-0, 1-0 என்று ஜெயித்து முதலிடத்தில். அந்த இரண்டு வாரம் நான் குழுவை மியூட்டில் வைத்தேன்.

இந்த இடத்தில்தான் ஆறுதல் சொல்கிறவர்கள் பார்சிலோனாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2008-இல் குவார்டியோலாவின் முதல் லீக் ஆட்டம், நுமான்சியாவிடம் 1-0 தோல்வி. அடுத்தது ராசிங்கோடு டிரா. கடைசியில் மூன்று கோப்பை. உண்மைதான், அழகான கதைதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் 2015 செல்சியைச் சொல்ல மாட்டார்கள். நடப்பு சாம்பியன், முதல் ஆட்டம் ஸ்வான்சியோடு டிரா, அடுத்தது சிட்டியிடம் 3-0. ‘சும்மா ஒரு தடுமாற்றம்’ என்றார்கள். டிசம்பரில் மொரின்யோ போனார், அணி பத்தாவது இடத்தில் முடித்தது. ஆகஸ்ட் தோல்விக்குப் பிறகு தேறியவர்களும் உண்டு, சரிந்தவர்களும் உண்டு. வசதியானதை மட்டும் எடுத்துப் போட்டால் அது வாதம் இல்லை, ஜோசியம்.

அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் வெளியே எங்கும் போகாமல் எங்கள் வீட்டுக்குள்ளேயே உதாரணம் தேடினார். 2011 ஆகஸ்ட் 28, ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 தோல்வி. முதல் மூன்று ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. “அன்னைக்கு நாங்க பட்ட பாட்டுக்கு முன்னாடி இதெல்லாம் ஒன்னுமே இல்ல, தம்பிங்களா. மூணு நாள் கழிச்சு, ஆள் வாங்குற டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடுற அன்னைக்கு எவர்ட்டன்லேர்ந்து ஒருத்தனைப் பிடிச்சுட்டு வந்தாங்க. அந்த சீசன் மூணாவது இடத்துல முடிச்சோம். வந்தவன் பேரு மிகேல் ஆர்டேட்டா.”

மச்சான் பத்து நிமிடம் எதுவும் எழுதவில்லை. எங்கள் குழுவில் அது ஒரு சாதனை.

அண்ணன் சொன்னதில் ஆறுதலைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. பெரும்பாலும் ஆகஸ்ட் முடியும்வரை டிரான்ஸ்ஃபர் விண்டோ திறந்திருக்கும். ஆகவே ஆகஸ்டில் தோற்கிற அணி பல சமயம் முடிக்காத அணி. 2013-இலும் இதுவேதான்: முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் சொந்த மைதானத்தில் 3-1, ரசிகர்கள் வெங்கரைப் பார்த்துக் கத்தினார்கள், விண்டோ மூடும் நாளில் ஓசில் வந்தார், சீசன் முடிவில் நான்காவது இடமும் எஃப்ஏ கோப்பையும்.

2021-க்கு வருவோம். பிரென்ட்ஃபோர்டில் தோற்ற அன்று ஓடகார்ட் இன்னும் நிரந்தரமாக வரவில்லை. ராம்ஸ்டேல் வரவில்லை. டோமியாசு மாதத்தின் கடைசி நாளில்தான் வந்தார். செப்டம்பர் 11, நார்விச்சை 1-0 என்று ஜெயித்த ஆட்டத்தில் கோல்கீப்பரும் பின்வரிசையும் ராம்ஸ்டேல், டோமியாசு, வைட், கப்ரியேல், டியர்னி. இதில் பிரென்ட்ஃபோர்டில் ஆடியவர்கள் வைட்டும் டியர்னியும் மட்டும்தான். ஒரு மாதம் முழுக்க நாங்கள் யாரை வைத்துச் சண்டை போட்டோமோ, அந்தப் பின்வரிசை பாதிக்கு மேல் கலைந்தே போயிருந்தது. இதை எழுதும்போதுகூடச் சிரிப்பு வருகிறது. பிரென்ட்ஃபோர்டில் பின்வரிசையில் ஆடிய சேம்பர்ஸ், பாவம், ஜனவரியில் வில்லாவுக்கே போய்விட்டார்.

செப்டம்பர் 26 அன்று டாட்டன்ஹாமை 3-1 என்று அடித்தபோது நான் மியூட்டை எப்போதோ எடுத்திருந்தேன். ஆகஸ்ட் மாதத்தின் சிறந்த மேனேஜர் விருதை வாங்கிய அவர்களுடைய நூனோவை நவம்பர் முதல் தேதி நீக்கினார்கள். மச்சான் வேண்டும் என்று கேட்டது அங்கே நடந்தது, தெருவுக்கு எதிர்ப்புறம்.

சரி, நான் அண்ணன் கட்சியா? முழுக்க இல்லை. ‘சீசன் நீளமானது, இன்னும் 37 ஆட்டம் இருக்கிறது’ என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சு எனக்கு ஆகாது. ஆகஸ்ட் புள்ளிக்கு எடை குறைவு என்று லீக் விதி எங்கும் இல்லை. அந்த சீசனின் கடைசியில் நாங்கள் 69 புள்ளியோடு ஐந்தாவது. நூனோவுக்குப் பதில் கான்டேயைக் கொண்டு வந்த டாட்டன்ஹாம் 71 புள்ளியோடு நான்காவது. நான்காவது இடத்துக்குக் கிடைக்கும் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு இரண்டே புள்ளியில் போனது.

மே மாதக் கடைசியில் இதுதான் பஞ்சாயத்து. மச்சான்: “பிரென்ட்ஃபோர்டை ஜெயிச்சிருந்தா 72. நான் அன்னைக்கே சொன்னேன்.” அண்ணன்: “டாட்டன்ஹாம்கிட்ட மூணு, நியூகாசில்கிட்ட ரெண்டு வாங்கிட்டு கடைசி ரெண்டு வாரத்துல கோட்டை விட்டதை மறந்துட்டியா?” தம்பி: ஏப்ரலில் பேலஸ், பிரைட்டன், சவுத்ஹாம்ப்டன் என்று வரிசையாகத் தோற்றதன் பட்டியல், தேதியோடு.

கணக்கில் மச்சான் சொன்னது சரி. 13 தோல்வியில் எதை எடுத்து மாற்றினாலும் 72 வரும் என்பதால் அந்தச் சரிக்கு மதிப்பு குறைவு. ஆனால் பிரென்ட்ஃபோர்டு மற்ற பன்னிரண்டில் ஒன்று என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. சிட்டியிடம் தோற்றதை யாரும் தடுத்திருக்க முடியாது. நியூகாசிலில் கால் ஓய்ந்து, காயம் கூடி, பயந்து ஆடினோம். பிரென்ட்ஃபோர்டு ஆட்டத்திலோ, எங்கெல்லாம் ஆள் வேண்டும் என்று கிளப்புக்கு முன்பே தெரிந்திருக்கும், ஆனால் அவர்களை வாங்கியது ஆகஸ்ட் 20-இலும் அதற்குப் பிறகும். இது மேனேஜர் பிரச்சினை இல்லை, ஆட்டக்காரர் பிரச்சினையும் இல்லை. காலண்டர் பிரச்சினை. லீக் தொடங்கிய பிறகு வாங்கப் போகிற கிளப், தொடக்கத்தில் சில புள்ளிகளைக் கொடுத்துத்தான் வாங்குகிறது. அந்த விலை யாருடைய கணக்குப் புத்தகத்திலும் வருவதில்லை. இதைக் குழுவில் சொன்னேன். தம்பி மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டான்.

அடுத்த வருடம் ஜேசுசும் வியேராவும் சீக்கிரமே வந்து சேர்ந்தார்கள், முதல் ஐந்து ஆட்டமும் வெற்றி. மச்சானுக்குப் பேச எதுவும் இல்லை. 2022 செப்டம்பர் 18 அன்று மறுபடி பிரென்ட்ஃபோர்டு மைதானம். சலிபா, ஜேசுஸ், வியேரா, 3-0. கடைசி நேரத்தில் இறங்கிய ஈதன் நுவானெரிக்கு வயது 15 வருடம் 181 நாள். பிரீமியர் லீகில் அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் ஆடியதில்லை.

அன்று இரவு குழுவில் அலசல் என்று ஒன்றுமே நடக்கவில்லை. யார் எங்கே நின்றார்கள், மிட்ஃபீல்டு எப்படி மூடியது, எதுவும் இல்லை. நான் மட்டும் கேட்டேன், லாங் த்ரோவுக்கு இந்தத் தடவை யாரை யார் பிடித்தார்கள், கவனித்தீர்களா என்று. முந்தைய வருடம் எங்களை அடித்த இரவில் அவர்களுடைய டோனி, பசங்களோடு சும்மா ஒரு ஜாலியான ஆட்டம் என்கிற மாதிரி ஒரு ட்வீட் போட்டு எங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தார். இந்தத் தடவை அதே வாசகத்தை எங்கள் கப்ரியேல் போட்டிருந்தார். என் கேள்விக்கு மச்சான் அனுப்பிய பதில் அதன் ஸ்கிரீன்ஷாட்.