அப்பத்தா பீன்ஸைப் பதிவு செய்ய அலைந்த கதை

போன வாரம் டெல்லியில் பயிர் ரகங்களைப் பதிவு செய்யும் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பம் சரியாக இருக்கிறது, கள ஆய்வுக்கு விதை அனுப்புங்கள் என்று இரண்டே வரி. வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். அம்மா கடிதத்தை வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். இந்த இரண்டு வரிக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. அதில் பாதி அலைச்சலுக்குத் தேவையே இருந்திருக்காது, யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால். அதற்காகத்தான் எழுதுகிறேன். மேல்மலையிலோ கீழ்மலையிலோ ஊட்டிப் பக்கமோ சொந்த விதை வைத்திருப்பவர்களுக்கு ரெண்டு நடையாவது மிச்சமாகட்டும்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலை. பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். 2017 ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் பீன்ஸ் முழுக்க துரு நோய் பிடித்துப் போனது. இலைக்கு அடியில் செம்பழுப்பாகப் பொடி இருக்கும், தடவினால் மஞ்சள் தடவின மாதிரி விரலில் ஒட்டும். பத்து நாளில் இலை காய்ந்து கொட்டிவிடும். எங்கள் தோட்டத்தில் கடையில் வாங்கின விதையோடு ஓரமாக அப்பத்தா காலத்து கொடி பீன்ஸும் குச்சியில் ஏறியிருந்தது. அதுவும் துருவில் போனது, ஒரே ஒரு செடியைத் தவிர. அதில் இலையில் சின்னச் சின்ன மஞ்சள் பொட்டு மட்டும் இருந்தது, பொடி கிளம்பவில்லை. அந்தச் செடியில் சிவப்புத் துணி கட்டி, காய் பறிக்காமல் முற்ற விட்டேன். 41 விதை கிடைத்தது.

அடுத்த இரண்டு போகம் பெருக்கியது நல்லபடியாகவே போனது. விதை சந்தன நிறம், பூ வெள்ளை, காய் ஒரு சாண் நீளம். துருவுக்கு உண்மையிலேயே தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பயிர் விஞ்ஞானி ஒருவர், "தம்பி, நோய் வராத வருஷத்துல எல்லாச் செடியும் வீரன்தான். நோயைக் கூப்பிட்டு உட்கார வைங்க" என்றார். துரு சீக்கிரம் பிடிக்கும் ரகத்தை நடுநடுவே விதைத்தால் அதில் நோய் ஏறி, சோதனைச் செடிகள் மேலெல்லாம் பரவும். ஆராய்ச்சி நிலையங்களில் செய்கிற முறைதான் இது. நானும் நாலு வரிசைக்கு ஒரு வரிசை, எங்கள் பக்கத்துக் கறுப்பு விதைக் கொடி பீன்ஸைப் போட்டேன். கறுப்பு விதை வரிசை துருவில் சுருண்டது, அப்பத்தா வரிசை நின்றது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். இதே வேலைதான் பின்னால் என் காலை வாரும் என்று அப்போது தெரியாது.

அதற்கு முன்னால் வந்தது வேறொரு இடி. துருவுக்குத் தாங்குகிற செடி எல்லா நோய்க்கும் தாங்கும் என்று நினைத்துவிட்டேன். தவறு. ஒவ்வொரு நோய்க்கும் எதிர்ப்பு மரபணு வேறு. 2019 கடைசியில் விடாத மழை, குளிர். காயில் பள்ளம் விழுந்த மாதிரி கரும்பழுப்புப் புள்ளி வந்தது. ஆந்த்ராக்னோஸ் என்கிற பூசண நோய். புள்ளி விழுந்த காயிலும் விதை நன்றாகத்தானே இருக்கிறது என்று சேர்த்து எடுத்து வைத்தேன். மாசியில் விதைத்தபோது முளைத்து வந்த பருப்பிலையிலேயே அதே புள்ளி. இந்தப் பூசணம் விதைக்குள்ளேயே உட்கார்ந்து வரும். மூன்றில் ஒரு பங்கு நாற்று போனது. புள்ளி உள்ள காய் ஒன்றைக்கூட விதைக்கு எடுக்காதீர்கள். விதை குறைந்தாலும் பரவாயில்லை. ஈரத்தோடு செடிக்குள் புகுந்து காய் பறிப்பதையும் விட்டுவிடுங்கள், நம் கையும் சட்டையும்தான் நோயைச் சுமந்து போகும்.

நார் இல்லாத கடை ரகத்தோடு கலப்புச் செய்யவும் ஒரு போகம் முயன்றேன். மறுநாள் விரியப்போகிற மொட்டாகப் பார்த்து, மாலையில் ஊசியால் இதழைப் பிரித்து, உள்ளே நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் மடலைத் திறந்து, பத்து மகரந்தப் பையையும் எடுக்க வேண்டும். பீன்ஸ் பூ விரியும் முன்பே தனக்குள் சேர்ந்துவிடும், மறுநாள் காலையில் போனால் காரியம் கெட்டது. 60 மொட்டில் செய்தேன். பெரும்பாலும் கொட்டிவிட்டது, நாலு காய்தான் நின்றது. அந்த நாலும் முற்றும் முன்னே ஒரு ராத்திரி காட்டுமாடு புகுந்து குச்சியோடு சாய்த்துவிட்டுப் போனது. அதோடு விட்டுவிட்டேன். சோதனைச் செடி எத்தனை சிறிய பாத்தியானாலும் வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். எனக்கு ஒரு முழு வருஷத்தைத் தின்றது இதுதான்.

2020இல் எடுத்த விதை எல்லாம் ஒரே சந்தன நிறம். முறத்தில் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்தேன், ஒரு கறுப்பு கிடையாது. ரகம் சுத்தம் என்று எழுதி வைத்தேன். 2021இல் அதை விதைத்தால் சுமார் 300 செடியில் 7 செடி ஊதாப் பூ பூத்தது. விதை கறுப்பு. பையில் சுத்தமாக இருந்தது எப்படிக் கறுப்பாகும் என்று தலை சுற்றியது. விஞ்ஞானி ஐயாவிடம் போன் போட்டேன். "விதைத்தோல் தாய்ச் செடியோடது தம்பி. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அப்பன் யார்னு தோலைப் பார்த்துத் தெரியாது. அந்தப் பிள்ளை வளர்ந்து பூத்தாத்தான் தெரியும்" என்றார். பீன்ஸ் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்தான். ஆனாலும் வண்டு புகுந்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டு கலப்பு நடக்கும். துருவை வரவழைக்க நான் போட்ட கறுப்பு விதை வரிசையிலிருந்துதான் வண்டு மகரந்தத்தைக் கொண்டு வந்திருக்கிறது.

பதிவுக்குப் போகும்போது டெல்லி ஆணையத்தில் பார்ப்பது மூன்று விஷயம். மற்ற ரகங்களிலிருந்து தனித்துத் தெரிகிறதா, எல்லாச் செடியும் ஒரே சீராக இருக்கிறதா, தலைமுறை மாறினாலும் அந்தக் குணம் மாறாமல் நிலைக்கிறதா. 7 கறுப்போடு போயிருந்தால் இரண்டாவதிலேயே திரும்பியிருப்பேன். நோய்ச் சோதனைப் பாத்தி வேறு, விதைப் பாத்தி வேறு என்று தோட்டத்தின் இரண்டு கோடியில் வைத்தேன். பூக்கும் காலத்தில் தினமும் காலையில் ஒரு சுற்று, ஊதாப் பூ கண்டால் வேரோடு பிடுங்குவது. காய் முற்றின பிறகு பிடுங்கலாம் என்று விட்டால் அதிலிருந்து இன்னும் நாலு செடிக்குக் கலப்பு போய்விடும்.

சத்து விஷயத்திலும் ஒரு வீண் செலவு. காய் போக, காய்ந்த விதையையும் எங்கள் வீட்டில் குழம்பு வைப்போம். அதில் இரும்பு எவ்வளவு என்று தெரிந்தால் நல்லது என்று அரைக் கிலோ விதையை வீட்டு இரும்பு உரலில் இடித்துப் பொடியாக்கி ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். கிலோவுக்கு 170 மில்லிகிராம் என்று வந்தது! சாதாரண பீன்ஸ் விதையில் 50 சுற்றித்தான் இருக்கும். கொலம்பியாவிலும் ருவாண்டாவிலும் இரும்புச்சத்துக்காகவே தேர்ந்தெடுத்த பீன்ஸ் ரகங்களுக்கே 94தான் இலக்கு. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பிறகு ஆய்வகத்தில் ஒரு அம்மா கேட்டார், "எதுல இடிச்சீங்க?" சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். உரல் இரும்பும் விதையில் ஒட்டின செம்மண்ணும் சேர்ந்து காட்டின கணக்கு அது. மறுபடி விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இடிக்காமல் முழுதாகவே கொடுத்து அவர்களையே அரைக்கச் சொன்னேன். 66 வந்தது. நல்ல எண்தான், எனக்குப் போதும்.

இனி காகிதக் கதை.

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001இல் வந்தது. அதன் கீழ் உழவர் ரகத்தைப் பதிய நமக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் ஒரு பக்கத்தில், இது இந்த உழவரின் ரகம்தான் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மாவட்ட வேளாண் அலுவலர், வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநர் என்று சிலரைச் சொல்லியிருக்கிறார்கள், அதில் யாராவது ஒருவர் போதும். அந்த ஒரு கையெழுத்துக்கு எனக்கு எட்டு மாசம்.

மலையிறங்கி முதல் அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "பீன்ஸ் காய்கறி. இங்க வராது" என்றார். அடுத்த அலுவலகத்தில் முழுசாகப் படித்துவிட்டு, "இதுல எங்க பேரே இல்லையே சார், நாங்க எப்படிப் போடறது?" என்றார்கள். ஒரு நடைக்கு பஸ்ஸிலேயே போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். தோட்டத்தில் ஆள் விட்டுவிட்டுப் போகிற கூலி தனி. மூன்றாவது இடத்தில் ஒருவர் ரொம்ப நம்பிக்கையாகச் சொன்னார்: "மலைப்பூண்டுக்கு வாங்கினாங்கள்ல, அதேதான் இது. நேரா சென்னைக்குப் போங்க." கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்கெல்லாம் பெருமை. அதனால் அவர் சொன்னது சரி என்றே பட்டது. கொடை ரோட்டில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலை சென்னையில் இறங்கி, கிண்டியில் புவிசார் குறியீட்டு அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே இருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். புவிசார் குறியீடு ஒரு ஊரின் பெயரால் விற்கும் பொருளுக்கு, அந்த ஊர் உற்பத்தியாளர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுப்பது. என் கையில் இருப்பது ஒரு பயிர் ரகம், அது டெல்லி ஆணையத்தின் வேலை. இரண்டும் வேறு சட்டம், வேறு படிவம். அவருக்கு நன்றி சொல்லி வெளியே வந்து, டீக்கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். விதை டப்பா மடியில் இருந்தது.

கடைசியில் கையெழுத்து கிடைத்தது எங்கள் ஊரிலேயே. பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊராட்சியில் கேட்டால், "அப்படி ஒரு குழு இங்க இல்ல" என்றே பதில். தீர்மானப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று நின்றேன். பழைய தீர்மானத்தில் குழு அமைத்து, உறுப்பினர் பெயர் எல்லாம் எழுதியிருந்தது. தலைவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் மாமா! சொன்னதும் தோட்டத்துக்கு வந்து செடியைப் பார்த்து, "இது உங்க அப்பத்தா சீமந்தத்துக்கு எங்கம்மா கொண்டு வந்த விதைடா" என்று ஒரு கதையும் சொல்லி, கையெழுத்தும் போட்டு, குழு முத்திரையும் வைத்தார். முதல் நடையை மலையிறங்கி நடக்காதீர்கள், ஊராட்சியிலிருந்து தொடங்குங்கள். இல்லை என்றால் தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள்.

ரகத்துக்கு வைத்த பெயராலும் விண்ணப்பம் ஒரு தடவை திரும்பி வந்தது. எங்கள் ஊர்ப் பெயரோடு வேலப்பர் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தேன். பூம்பாறை குழந்தை வேலப்பர் எங்களுக்கு எல்லாம், வேறு பெயர் தோன்றவே இல்லை. ஆனால் சட்டத்தில் ஊர்ப் பெயர் கலந்தால் தடை, மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய பெயரும் கூடாது, குணத்தைத் தவறாகக் காட்டும் பெயரும் கூடாது, வெறும் எண்ணும் கூடாது. இரும்பு என்று பெயரில் சேர்க்கலாமா என்று யோசித்ததையும் விட்டேன். 'அப்பத்தா' என்று எழுதி அனுப்பினேன். கூடவே, இதற்கு மிக நெருங்கின ரகம் எது, அதிலிருந்து இது எதில் மாறுபடுகிறது என்ற பகுதியைக் காலியாக விட்டிருந்ததையும் சுட்டிக்காட்டியிருந்தார்கள். பூ நிறம், விதை நிறம், காய் நீளம், முதல் பூ வரும் நாள் எல்லாம் போகத்துக்குப் போகம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தது அப்போதுதான் கை கொடுத்தது. நோட்டு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், ஞாபகத்திலிருந்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பதிவு கிடைத்தால் முதலில் ஆறு வருஷம், புதுப்பித்தால் மொத்தம் பதினைந்து. அக்கம்பக்கத்தில் சிலர், "இனி நாங்க போட்டா கேஸ் போடுவியா?" என்று கேட்டார்கள். அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. சட்டத்தின் 39ஆம் பிரிவிலேயே உழவர் விதையை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்று இருக்கிறது. பிராண்டு போட்டு விற்பதுதான் கூடாது. நாளைக்கு வெளியாள் ஒருவன் இதே விதைக்குத் தன் பெயர் வைத்துக்கொண்டு வரக்கூடாது என்பதற்காகத்தான் பதிகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொன்னேன்.

விதையைப் பொறுக்கி, முளைப்புப் பார்த்து, திங்கட்கிழமை தபாலில் போட்டாயிற்று. நேற்று சாயங்காலம் மேல் தோட்டத்து அக்கா சொம்போடு வந்து மாசிப் பட்டத்துக்கு விதை கேட்டார். நிறைய அளந்து போட்டேன்.

"வேற பீன்ஸ் பக்கத்துல போடாதீங்கக்கா. ஊதாப் பூ ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னைக்கே பிடுங்கிடுங்க."

"சரிடா" என்று சொம்பை முந்தானையில் மூடிக்கொண்டு போனார்.