கரையேறும் விறகு

"பதினைஞ்சு ஹெச்பி வண்டி எவ்வளவு இழுக்கும் அண்ணாச்சி?" விறகு வெட்டு எடுத்தவர்கள் மினி டிராக்டர்காரரிடம் முதலில் கேட்பது இதைத்தான். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் இதற்கு வண்டியைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. குளத்துக் கரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும். சமதரையில் எந்த வண்டியும் எதையும் இழுத்துவிடும். விறகு வெட்டுகிற இடம் குளத்தின் உள்வாய், விறகு போக வேண்டிய இடம் கரைக்கு அந்தப் பக்கத்துத் தார்ரோடு. நடுவே பத்தடி உயரத்துக்கு மண்.

வேலைக்குக் கிடைக்கிற காலமும் குறைவு. பிசான நெல் அறுப்பு முடிந்து, குளத்தில் தண்ணீர் வற்றி, சித்திரை வைகாசியில்தான் தரை வண்டி தாங்கும். ஐப்பசி மழைக்கு முன் கடைசி லோடு வெளியேறியிருக்க வேண்டும். இதற்குள் ஆனியும் ஆடியும் காற்றுக்குப் போய்விடும். மேற்கே மலை இடுக்குகள் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் பணகுடி, ராதாபுரம் வரைக்கும் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றில் மேற்கு நோக்கி மரத்தைச் சாய்க்க நினைப்பது வீண். வாள் மரத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். எனவே மரம் கிழக்கே விழும் என்று வைத்துக்கொண்டு, வண்டிப் பாதையை முதலிலேயே மேற்கு ஓரமாக எடுத்துவிடுவது நல்லது. மரத்தை வெட்டிப் போட்டுவிட்டுப் பாதை தேடினால், வெட்டிய முள்ளையே இன்னொரு முறை அள்ள வேண்டியிருக்கும். கூலி இரட்டிப்பாவது இந்த இடத்தில்தான்.

குளத்து மரம் ஏலத்தில் எடுத்தவருடையது. ஏலச் சீட்டு வண்டியில் இருக்க வேண்டும். எல்லாக் குளத்து மரமும் விறகு மரமில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கருவேல மரம் நிற்பது கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் கூடு கட்ட.

தரையைச் சோதிக்க ஒரு கடப்பாரை போதும். குளத்துக் கரம்பை மண் மேலே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பார்த்தால் பாறை மாதிரி இருக்கும். மடைப் பக்கம் போகப் போக, காய்ந்த தோலுக்கு அடியில் சேறு அப்படியே இருக்கும். கடப்பாரையை இடுப்பு உயரத்தில் பிடித்துக் கைவிட்டால் அரைச் சாண் இறங்கி நிற்கிற இடத்தில் வண்டி போகலாம். ஒரு முழம் இறங்கினால் அங்கே நடந்து போய்த் தலைச்சுமையாக எடுத்து வருவதுதான் வழி. வெறும் வண்டி போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. உள்ளே போகும்போது டிரெய்லர் காலி, வெளியே வரும்போது நிறைலோடு. அமுங்குவது வருகிற பயணத்தில்தான்.

அடுத்தது டயர். சீமைக் கருவேல முள் டயரைக் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கம் சீமை உடை என்று சொன்னாலே பஞ்சர் கடை ஞாபகம் வரும். ஆனால் டயரை ஒரேயடியாகக் காவு வாங்குவது முள் இல்லை, தூர். அரிவாளால் வெட்டும்போது கைவாக்கில் சரிவாக வெட்டு விழும். விரல் மொத்தத் தண்டு ஈட்டி முனையாகத் தரையிலிருந்து அரை அடி நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மாதம் வெயிலில் காய்ந்தபின் அது இரும்பு. முள் டயரின் பட்டனில் குத்தினால் ஒட்டுப் போடலாம்; தூர் பக்கச் சுவரைக் கிழித்தால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆகவே வண்டி போகிற எட்டடி அகலத்துக்கு மட்டுமாவது தூரைத் தரையோடு தரையாகத் தட்டையாக அறுக்க வேண்டும். வெட்டுகிற ஆளுக்கு டன் கணக்கில் கூலி, அவர் குனிந்து அறுத்து நேரத்தைப் போக்க மாட்டார். இந்த எட்டடிக்குத் தனிக் கூலி பேசிவிடுவதே மேல். முள்ளைக் கவைக்கம்பால் ஒதுக்கும்போது பாதையின் ஒரே பக்கமாகக் குவிக்க வேண்டும். காற்று அடிக்கிற பக்கம் குவித்தால் சாயங்காலத்துக்குள் பாதி திரும்பப் பாதைக்கே வந்துவிடும்.

பாரக் கணக்குக்கு வருவோம். மினி டிராக்டரின் பின்னால் மாட்டுகிற ஒற்றை அச்சு டிரெய்லர் ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடிப் பலகை என்று வைத்தால் 48 கன அடி. சீமைக் கருவேலம் கோணலும் மாணலுமாகத்தான் அடங்கும், பாதி இடம் காற்று. மீதி 24 கன அடி மரம். ஒரு கன அடி தண்ணீர் 28.3 கிலோ. பச்சை மரம் ஏறக்குறையத் தண்ணீரின் எடைக்கே வரும். ஆக, பலகை மட்டத்துக்கு அடுக்கினாலே 680 கிலோ. டிரெய்லர் 250, வண்டி 800, டிரைவர் 70. கூட்டினால் 1800 கிலோ கரையேற வேண்டும்.

பத்தடி உயரக் கரைக்கு எண்பது அடி நீளத்தில் சரிவுப் பாதை இருந்தால், சரிவுக்கு மட்டும் 225 கிலோ இழுவை. மண்ணில் டிரெய்லர் சக்கரம் உருள இன்னும் 90. மொத்தம் 315. பின்சக்கரத்தின் மேல் உட்காருகிற எடை 650 கிலோ அளவு இருந்தால், காய்ந்த மண்ணில் அதில் பாதிக்குச் சற்று மேலே பிடிமானம் கிடைக்கும். சிரமப்பட்டு ஏறிவிடும். அதே பத்தடிக்குப் பாதை ஐம்பது அடியாக இருந்தால் 450 கிலோ வேண்டும். எஞ்சினுக்குத் தெம்பு இருக்கலாம், டயருக்கு இல்லை. நின்ற இடத்தில் சுற்றிக் குழி தோண்டும். இரவு ஒரு தூறல் போட்டால் எண்பது அடிப் பாதையிலும் இதே கதிதான். பாதை செங்குத்து என்று தெரிந்தால் பாதி லோடு, இரண்டு நடை. "இன்னும் நாலு கட்ட வச்சா என்ன, இழுக்காதா?" என்று கேட்பவர் எப்போதும் கரைக்குக் கீழே நின்றுதான் கேட்பார். கரையை வெட்டிப் பாதையைச் சாய்க்கிற யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கரை ஊருக்குச் சொந்தம்.

அடுக்குவதில் ஒரே ஒரு விதி. கனத்த கட்டைகள் அச்சுக்குச் சற்று முன்னால். மொத்த பாரத்தில் பத்தில் ஒரு பங்கு வண்டியின் கொக்கியில் உட்கார வேண்டும். வாலில் பாரம் அதிகமானால் ஏற்றத்தில் டிரெய்லர் பின்னால் சாய்ந்து வண்டியின் பின்பக்கத்தையே தூக்கும். இருக்கிற கொஞ்சப் பிடிமானமும் போகும். கொக்கியில் சரியான பின்னும் அதற்கு லாக்கும் போட வேண்டும். கட்டடக் கம்பித் துண்டைச் செருகி ஓட்டுவதை எங்கும் பார்க்கலாம். ஏற்றத்தில் அது வளைந்துதான் கொடுக்கும், இறக்கத்தில் குலுங்கிக் கழன்று விழும்.

ஏறும் முன்பே லோ கியரில் போட்டுவிட வேண்டும். நடுச்சரிவில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்தால் வண்டி பின்னோக்கி வரும். இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் கொண்டி போட்டு ஒன்றாக்கியிருக்க வேண்டும். உழவில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்ததை அப்படியே விட்டு, கரைமேல் ஒற்றைப் பெடலை மிதித்தால் வண்டி குறுக்கே திரும்பி, டிரெய்லர் தள்ளிக் கவிழ்த்துவிடும். மறுபக்கம் இறங்கும்போதும் ஏறின கியரிலேயே, கிளட்சைத் தொடாமல். சின்ன டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது; எஞ்சின்தான் பிடித்து நிறுத்துகிறது. கிளட்சை மிதித்த நொடியில் 930 கிலோ முதுகில் முட்டும்.

கூட ஓர் ஆள் டிரெய்லர் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் முக்கோணக் கட்டையோடு நடந்து வர வேண்டும். வண்டி தடுமாறினால் உடனே சக்கரத்துக்குப் பின்னால் போட. முட்டுக்கட்டை போடுகிறவன் என்பது ஊரில் வசைச்சொல். கரையேற்றத்தில் அவர்தான் லோடைக் காப்பாற்றுகிறவர். அவர் டிரெய்லருக்கு நேர் பின்னால் மட்டும் வரக் கூடாது.

விறகு போக, தடி இழுப்பது தனி வேலை. விளை ஓரங்களில் சாய்ந்த வேம்பு, வாகை, இடி விழுந்து பட்ட பனை. பட்டதுதானே என்று பனையில் கை வைக்கிறவர்கள், 2021 முதல் பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வெட்டட்டும். ஓரடி விட்டம், பத்தடி நீளமுள்ள பச்சைத் தடி 220 கிலோ வரும். தரையோடு இழுத்தால் அதில் பாதிக்கு மேல் இழுவை. அடிப்பக்கத்தை முன்னால் வைத்து இழுப்பதே முறை; கிளை வெட்டிய குச்சிகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், கலப்பை மாதிரி மண்ணில் இறங்காது. இழுக்கும் முன் மூக்கைச் சுற்றிலும் கோடாலியால் நாலு விரல் அளவு சீவிவிட்டால் வழியில் உள்ள தூரில் முட்டாமல் ஏறித் தாண்டும். சங்கிலியை முனையிலிருந்து ஓரடி உள்ளே சுருக்குப் போட்டு, மூக்கருகே இன்னொரு சுற்று. இந்த இரண்டாவது சுற்று இல்லாவிட்டால் தடி பக்கவாட்டில் திரும்பி வழியில் நிற்கிற மரத்தில் மாட்டும்.

இழுக்கும் சங்கிலி வண்டியில் எங்கே மாட்டப்படுகிறது என்பதில் விட்டுக்கொடுக்கவே இடமில்லை. பின் அச்சுக்குக் கீழே உள்ள டிராபார் என்ற இழுவைப் பட்டையில் மட்டும்தான். உயரமாகக் கட்டினால் தடியின் மூக்கு தூக்கும் என்று மேல் லிங்க் மாட்டுகிற இடத்திலோ சீட்டுக்கு அடியிலோ கட்டுவார்கள். நியாயமாகத்தான் தோன்றும். தடி ஒரு தூரில் முட்டி நிற்கும்போது பாருங்கள்: பின்சக்கரம் சுற்ற வழியில்லை, எஞ்சின் விடாது, முன்பக்கம் எழும்பும். கீழே கட்டியிருந்தால் பெரும்பாலும் டயர் வழுக்கி அதோடு போகும். மேலே கட்டியிருந்தால் சங்கிலியே வண்டியைப் பின்னால் இழுத்துச் சாய்க்கும். டிரைவர் கிளட்ச் மிதிக்க நினைப்பதற்குள் வண்டி மல்லாந்திருக்கும். மூக்கைத் தூக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி உண்டு. பழைய டயர் வண்டியின் அச்சும் இரண்டு சக்கரமும் ஒரு நீள ஏர்க்காலும் சேர்ந்த ஒரு சட்டம் போதும். சட்டத்தைத் தடிக்கு மேல் நிறுத்தி, ஏர்க்காலை வானம் பார்க்கத் தூக்கிவைத்து, அச்சையும் தடியையும் சேர்த்துச் சங்கிலி கட்டி, ஏர்க்காலைக் கீழே இழுத்தால் தடி ஒரு சாண் மேலே வரும். ஏர்க்காலை டிராபாரில் மாட்டிக்கொண்டு போகலாம். இழுவை பாதியாகும்.

திசையன்விளைப் பக்கத்துத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், இந்தச் சக்கரச் சட்டம் இல்லாமல் தடி இழுக்காமலிருப்பதே நல்லது. செம்மணல் பட்டைக்குள் அப்பிக்கொள்ளும். பிறகு மெஷின் வாள் இரண்டாவது வெட்டிலேயே மழுங்கிப் பொடி மாவாக வரும். தேரிக்குள் இறங்கும் முன் பின்டயரில் காற்றை 12 பவுண்டு வரை இறக்கினால் டயர் பரந்து மணலில் மிதக்கும். ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப ஏற்றாவிட்டால் டயர் ரிம்மில் நழுவி வால்வு அறும். வண்டி புதைந்துவிட்டால் சுற்றவிட்டு ஆழமாக்காமல் நிறுத்தி, அருகில் உள்ள பனையின் அடித்தூரில் வடம் கட்டி, செயின் பிளாக் போட்டு இழுக்கலாம். பனை அசையாது. நெஞ்சு உயரத்தில் கட்டினால் அதுவும் ஆடும். வடம் விறைத்து நிற்கும்போது அதற்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. நடுவில் ஒரு நனைத்த சாக்கைப் போட்டுவிட்டால் அறுந்தாலும் சாட்டை மாதிரி வீசாது.

பச்சையாக ஏற்றுவதா, காயவிட்டு ஏற்றுவதா என்பதில் மரம் எடுத்தவருக்கும் வண்டிக்காரருக்கும் ஒத்துவராது. செங்கல் சூளைக்கு எடை மேடையில் டன் கணக்கில் விற்பவர் வெட்டிய அன்றே ஏற்றச் சொல்வார், தண்ணீரும் காசு. நடைக் கணக்கில் கூலி வாங்குகிற வண்டிக்கு அதே தண்ணீர் டயருக்கும் கிளட்சுக்கும் செலவு. கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்கும் கல்யாணச் சமையலுக்கும் போகிற விறகு எப்படியும் காய்ந்திருக்க வேண்டும், அங்கே இந்தப் பேச்சு இல்லை. நடைக்கு இவ்வளவு என்று பேசும்போதே பலகை மட்டம் வரைதான் என்று சேர்த்துப் பேசாவிட்டால் முதல் நாளே அடுக்கு பலகைக்கு மேல் இரண்டடி ஏறிவிடும். காயப்போட்ட அடுக்கைப் பிரிக்கும்போது அடிக் கட்டையைக் கையால் தூக்க வேண்டாம். சுருட்டை விரியன் அங்கேதான் படுத்திருக்கும். கவைக்கம்பால் புரட்டிய பிறகு தூக்கலாம்.

மட்கார்டில் ஆள் உட்காருவது, லோடு மேல் ஆள் ஏறி வருவது இரண்டும் வழக்கமாகிவிட்டன. உழவுக்கென்று எடுத்த இன்சூரன்ஸ் இந்த ஆட்களுக்கும் வாடகை லோடுக்கும் பணம் தராது என்பது விழுந்த பிறகுதான் தெரியவருகிறது.

கடைசி லோடு போன மறுநாள் இன்னும் ஒரு நாள் வேலை பாக்கி இருக்கும். அதற்குப் பெரும்பாலும் யாரும் கூலி பேசியிருக்க மாட்டார்கள். இரண்டு மாதம் ஏறி இறங்கிய கரையில் இரண்டு சக்கரத் தடம் முழங்கால் ஆழத்துக்கு விழுந்திருக்கும். ஐப்பசி மழையில் முதல் தண்ணீர் அந்தத் தடத்தில்தான் ஓடும். ஓடி ஓடிக் கரையை அரித்து, குளம் பெருகி மறுகால் விழுகிற நேரத்தில் அந்த இடத்தில் உடைப்பு எடுக்கும். உள்வாயிலிருந்து கரம்பையை அள்ளி வந்து தடத்தில் கொட்டி, சாண் சாணாகத் தண்ணீர் தெளித்து, காலி வண்டியையே மேலே நாலு முறை ஓட்டி இறுக்கிவிட வேண்டும்.