நரிதாவில் விலாங்கு தின்னும் நாள்

ஜப்பானின் நரிதா என்றால் நம்மவர்களுக்கு டோக்கியோவுக்கான விமான நிலையம்தான். அங்கிருந்து ரயிலில் பத்து நிமிடம் போனால் நரிதா ஊர் வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து ஷின்ஷோஜி என்ற புத்தக் கோயில் வரை ஏறத்தாழ 800 மீட்டர் நீளும் தெருவில் எங்கு பார்த்தாலும் விலாங்குக் கடைகள். கோயில் கி.பி. 940இல் தோன்றியது. எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) யாத்திரிகர்களுக்கு இன்பா ஏரியிலும் தோனே ஆற்றிலும் கிடைத்த விலாங்கைச் சுட்டுக் கொடுத்த வழக்கம்தான் இன்றும் தொடர்கிறது. கோயில் வாசலில் மீன் வாடையா என்று முகம் சுளிக்க வேண்டாம். உள்ளே துறவிகள் ஹோமம் வளர்க்கிறார்கள், வெளியே சமையல்காரர்கள் கரியடுப்பை விசிறுகிறார்கள். இரண்டு புகைக்கும் அங்கே சண்டை இல்லை.

நான் போனது ஜூலைக் கடைசியில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் வெக்கையில். அன்று 'டோயோ நோ உஷி நோ ஹி', பழைய நாட்காட்டிப்படி கோடைக் கடைசியில் வரும் எருது நாள். அன்று விலாங்கு சாப்பிட்டால் வெயிலின் சோர்வு அண்டாது என்பது நம்பிக்கை. ஆனால் ஆற்று விலாங்கு கொழுத்து ருசிப்பது குளிர் தொடங்கும்போதுதான். கோடையில் வியாபாரம் படுத்துப்போன ஒரு கடைக்காரருக்கு, 18ஆம் நூற்றாண்டு அறிஞர் ஹிராகா கென்னாய் 'இன்று எருது நாள்' என்று வாசலில் எழுதி மாட்டச் சொன்னாராம், கூட்டம் அள்ளியதாம். விளம்பரத்துக்காகவே பிறந்த பண்டிகை என்று சிரிக்கலாம்தான். ஆனால் எட்டாம் நூற்றாண்டிலேயே ஒட்டோமோ நோ யகமோச்சி என்ற கவிஞர், கோடை மெலிவுக்கு விலாங்கு நல்லது, பிடித்துத் தின்னு என்று ஒல்லியான நண்பரைக் கேலி செய்து பாடியிருக்கிறார். அடுத்த பாட்டில், மெலிந்தாலும் உயிரோடு இருப்பதே மேல், விலாங்கு பிடிக்கப் போய் ஆற்றோடு போய்விடாதே என்கிறார். ஆக, கென்னாய் ஊதியது ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த நெருப்பைத்தான்.

1910 முதல் நடக்கும் கவாதோயோ கடையில், எண் போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். அலுப்பே தெரியவில்லை. காரணம் வாசலிலேயே இருக்கும் அறுப்புப் பலகை. நெளியும் விலாங்கின் தலையை ஓர் ஆணியால் பலகையில் அறைந்து, முதுகைக் கீறி, முள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறார்கள். ஒசாகா பக்கம் வயிற்றைக் கீறுவார்கள். சாமுராய்களின் ஊரான எடோவில், அதாவது பழைய டோக்கியோவில், வயிற்றைக் கீறுவது ஹராகிரித் தற்கொலையை நினைவூட்டும் அபசகுனம் என்பதால் முதுகுக்கு மாறியதாகச் சொல்வார்கள். விலாங்கின் ரத்தத்தில் நஞ்சு உண்டு. அதனால்தான் மீனைப் பச்சையாகத் தின்னும் அந்த நாட்டிலும் இதைப் பெரும்பாலும் வேகவைக்காமல் தொடமாட்டார்கள்.

குச்சியில் கோத்துச் சுட்டு, ஆவியில் வேகவைத்து, சோயாவும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சேர்ந்த இனிப்புச் சாற்றில் முக்கி, மறுபடி கரியில் வாட்டுகிறார்கள். அரக்குப் பெட்டியில் சோற்றின் மேல் அது வந்தபோது சாப்ஸ்டிக் பட்டதுமே பிளந்துகொண்டது. தோலின் ஓரத்தில் லேசான கருகல், உள்ளே வெண்ணெய்ப் பதம். மேலே தூவும் சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகுப் பொடி நாக்கைச் சற்று மரக்கவைத்துக் கொழுப்பின் திகட்டலை அறுக்கிறது. அது இல்லாவிட்டால் பாதிப் பெட்டியிலேயே நிறுத்தியிருப்பேன். எனக்கு அந்தச் சாறு கொஞ்சம் தித்திப்பு அதிகம். கூட வந்த ஈரல் சூப் லேசான கசப்பு. நான் அதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.

விலைதான் கண்ணைக் கட்டியது. அதற்கும் காரணம் உண்டு. ஜப்பானிய விலாங்கு மரியானா தீவுகளுக்கு மேற்கே நடுக்கடலில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகளையே 2009இல்தான் கண்டெடுத்தார்கள். கரையை அடையும், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் குஞ்சுகளைப் பிடித்துத்தான் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். அந்தக் குஞ்சுகள் குறைந்துகொண்டே வர, 2014இல் இந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது. இப்படியிருக்க, எருது நாளன்று சூப்பர் மார்க்கெட்டுகளில் பிளாஸ்டிக் உறையில் குவித்து வைத்திருப்பதைப் பார்க்கத்தான் எரிச்சல். பலகை முன் நின்று, காத்திருந்து, காசு நோகச் சாப்பிடும் ஒரு பெட்டியை என்னால் நியாயப்படுத்த முடிகிறது. அந்தக் குவியலை முடியவில்லை.

போகிறவர்கள் எருது நாளைத் தவிர்த்து அக்டோபரில் போகலாம். அதே கடை, அதே கரியடுப்பு. வெக்கை மட்டும் இருக்காது.